தங்கம் செய்வதாக வாக்குக் கொடுத்தவர்களின் வாழ்க்கை

கேள்வி இதுதான்: ஐரோப்பாவில் ரசவாதிகள் என்று சொல்லப்பட்டவர்கள் நிஜத்தில் எப்படி வாழ்ந்தார்கள், பிழைப்புக்கு என்ன செய்தார்கள், எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள்தானா? கூடவே, தங்கம் செய்ததாகக் கதை சொல்லப்படும் பாரிஸ்காரர் நிக்கோலா ஃபிளமெல் உண்மையிலேயே தங்கம் செய்தாரா?

பெரும்பாலானவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. மருந்துக்கடைக்காரர், நாணயச்சாலைப் பணியாளர், சுரங்கத்தில் தாதுவின் தரம் பார்ப்பவர், மருத்துவர், பாதிரியார் என்று ஏதோ ஒரு தொழிலில் இருந்தவர்கள். அதோடு சேர்த்துத்தான் தங்கத்தையும் தேடினார்கள். உலைக்குக் கரி வாங்கப் பணம் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்தே அவர்களில் ஒருவர் நிம்மதியாகச் சாவாரா, தூக்குமேடையில் சாவாரா என்பது அமைந்தது. இந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டு ரசவாதிகளின் கதையைச் சொன்னால் அது வெறும் மாயாஜாலக் கதையாகிவிடும். அதனால் பணத்தைப் பின்தொடர்ந்தே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் 1500க்கும் 1720க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆவணங்கள் அதிகம் கிடைப்பது அங்கேதான்.

முதலில் அவர்கள் ஏன் நம்பினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு உலோகம் இன்னொன்றாக மாறுவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள், அல்லது பார்த்ததாக நினைக்க நல்ல காரணம் இருந்தது. ஈயத் தாதுவில் கொஞ்சம் வெள்ளி கலந்தே இருக்கும். எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் அந்த ஈயத்தை வைத்துக் காற்றுப்பட உருக்கினால், ஈயம் ஆக்சைடாகி சாம்பலுக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். நடுவில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னும். வெள்ளியிலும் பல நேரம் துளித் தங்கம் இருக்கும். நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து, தங்கம் கருந்தூளாக அடியில் தங்கும். இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள ஸ்மோல்னிக் போன்ற சுரங்கங்களில் நீலநிறத் தண்ணீர் ஊறி வந்தது. அதில் இரும்புத் துண்டைப் போட்டு வைத்தால் நாளடைவில் அந்த இடத்தில் செம்பு இருக்கும். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரைந்த தண்ணீரில் இரும்பு கரைந்து செம்பு படிகிறது என்று இன்றைக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறோம். இன்றைய பொருளில் தனிமம் என்ற கருத்து உருவாகாத காலத்தில், இரும்பு செம்பாக மாறிவிட்டது என்பதுதான் நேரான விளக்கம். இரும்பு செம்பாகும், ஈயம் வெள்ளியாகும் என்றால் வெள்ளி ஏன் தங்கமாகக் கூடாது? என்னைக் கேட்டால், இது மூடநம்பிக்கையே இல்லை. கண்ட சோதனையிலிருந்து எடுத்த, தவறிப்போன ஒரு முடிவு.

ஆட்சியாளர்களும் இதை நம்பினார்கள். அதனால்தான் தடையும் வந்தது. 1317ல் போப் இருபத்திரண்டாம் ஜான், போலித் தங்கம் செய்து விற்கும் ரசவாதிகளைக் கண்டித்து ஆணை போட்டார். இங்கிலாந்தில் 1404ல் நான்காம் ஹென்றி காலத்தில், தங்கத்தையும் வெள்ளியையும் பெருக்குவது குற்றம் என்று சட்டமே வந்தது. சூனியத்தைப் பற்றிய பயத்தில் போட்ட சட்டம் அல்ல இது. யாராவது நிஜமாகவே செய்துவிட்டால் அரசனுடைய நாணயத்துக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதுதான் கவலை. பின்னால் அதே இங்கிலாந்து அரசு சிலருக்கு உரிமம் கொடுத்து முயற்சி செய்யவும் விட்டது. அந்தச் சட்டம் 1689ல்தான் நீக்கப்பட்டது. நீக்குவதற்கு முயற்சி எடுத்தவர்களில் ஒருவர் ராபர்ட் பாயில். வாயுக்களின் அழுத்தம், கனஅளவு பற்றிய விதிக்கு நாம் பெயரைச் சொல்கிறோமே, அதே பாயில்தான்.

சரி, பணம். 16ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு ஆட்சிகள் இருந்தன. எல்லாருக்கும் போர்ச் செலவு, அரண்மனைச் செலவு, கடன். ஸ்பெயின்காரர்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து குவித்த வெள்ளியால் உள்ளூர் சுரங்கங்களின் வருமானமும் சரிந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் ஒருவன் வந்து ‘ஒரு பங்கு தூளில் இத்தனை பங்கு தங்கம் எடுத்துத் தருகிறேன்’ என்றால், சிற்றரசர் அதைத் தொழில் முதலீடாகத்தான் பார்த்தார். ஒப்பந்தம் எழுதினார்கள். எத்தனை மாதத்தில், எவ்வளவு தங்கம், தங்குமிடம் யார் பொறுப்பு, கரியும் பாத்திரமும் யார் தருவது, ரகசியத்தை யாரிடம் சொல்லலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்தம் நிறைவேறாவிட்டால் அது வெறும் தோல்வியாகக் கணக்கில் வராது. அரசரை ஏமாற்றிய குற்றமாகிவிடும். தண்டனை மரணம்.

வூர்ட்டம்பெர்க் கோமகன் ஃபிரெட்ரிக்கிடம் வந்து சேர்ந்த கியோர்க் ஹோனவர் கதை இப்படித்தான் முடிந்தது. இரும்பைத் தங்கமாக்குவதாக வாக்குக் கொடுத்தார். முடியவில்லை, ஓடினார், பிடிபட்டார். 1597ல் ஷ்டுட்கார்ட்டில் இரும்பாலேயே ஒரு தூக்குமரம் எழுப்பி, பளபளக்கும் ஜிகினா உடை போட்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தத் தண்டனை ஊரே பார்ப்பதற்காகத் திட்டமிட்ட காட்சி. 1709ல் ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் கியூஸ்ட்ரினில் கயெத்தானோ என்ற இத்தாலியரையும் இதே மாதிரி, தங்கமுலாம் பூசிய தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் ஊர் ஊராகப் போய் அரசர்களிடம் முன்பணம் வாங்கியவர். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் ஆனா மரியா ஸீக்லரின் விஷயத்தில் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. 1571ல் வோல்ஃபென்பூட்டலில் கோமகன் யூலியுஸின் அரண்மனைக்கு ஒரு ரசவாதக் குழு வந்தது. தலைவர் ஃபிலிப் ஸோமரிங், முன்பு பாதிரியாராக இருந்தவர். கூட வந்தவர்களில் ஹைன்ரிஷ் ஷோம்பாக் என்ற அரண்மனைக் கோமாளியும் அவர் மனைவி ஆனாவும் இருந்தார்கள். ஆனா வெறும் மனைவியாக ஓரமாக நிற்கவில்லை. ‘சிங்கத்தின் ரத்தம்’ என்று பெயர் வைத்த தங்கநிற எண்ணெய் ஒன்றைப் பற்றிச் செய்முறைக் குறிப்பு எழுதி 1573ல் கோமகனிடமே கொடுத்தார். அந்த எண்ணெய் உலோகத்தையும் மாற்றும், ரத்தினமும் செய்யும், செடியையும் காய்க்க வைக்கும் என்றார். தன்னுடைய உடலே தூய்மையானது, அதனால் இந்த வேலைக்குத் தானே பொருத்தமானவள் என்றும் சொல்லிக்கொண்டார். படிப்போ பட்டமோ கிடைக்காத ஒரு பெண், ரசவாதத்துக்குள் தனக்கென்று ஒரு அதிகாரத்தை இப்படித்தான் கட்டிக்கொள்ள முடிந்தது.

தங்கம் வரவில்லை. அரண்மனைக்குள் பகை வளர்ந்தது. கோமகனின் மனைவிக்கு விஷம் வைக்கச் சதி, திருட்டு, கொலை என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். 1575 பிப்ரவரியில் ஸோமரிங்கைப் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் பிய்த்து, நான்காக வெட்டினார்கள். ஆனாவை இரும்பு நாற்காலியில் கட்டிவைத்து எரித்தார்கள். அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டி இருக்கலாம். சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு அவரை மோசடிக்காரி என்று இன்றும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இங்கிலாந்து ரசவாதி எட்வர்ட் கெல்லி, அவருடைய கூட்டாளியான அறிஞர் ஜான் டீ இருவரைப் பற்றி இணையத்தில் ஏற்கெனவே நிறைய இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் பிராகா நகரம் அப்போது ரசவாதிகளின் புகலிடம். கெல்லிக்கு அங்கே வீரப்பட்டம் கிடைத்தது. இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் அமைச்சர் பர்லியே ‘தாய்நாட்டுக்குத் திரும்பி வா’ என்று கடிதம் எழுதிக் கேட்கும் அளவுக்குப் புகழ். 1591ல் அதே பேரரசர் அவரைக் கோட்டையில் அடைத்தார். வெளியே வந்து, மீண்டும் சிறைக்குப் போய், 1597ஐ ஒட்டி இறந்தார். டீ அதற்கு முன்பே 1589ல் இங்கிலாந்து திரும்பி, கடைசிக் காலத்தை வறுமையில் கழித்தார்.

எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான வாழ்க்கை யோஹான் ஃபிரெட்ரிக் பொட்கருடையது. 1682ல் ஷ்லைட்ஸில் பிறந்தவர். தந்தை நாணயச்சாலையில் வேலை பார்த்தவர். பெர்லினில் ஸோர்ன் என்பவரின் மருந்துக்கடையில் பயிற்சிக்குச் சேர்ந்த பையன், இரவில் உலையை மூட்டிச் சொந்தச் சோதனைகள் செய்துகொண்டிருந்தான். 1701ல், பத்தொன்பது வயதில், சிலர் முன்னிலையில் வெள்ளிக் காசைத் தங்கமாக்கிக் காட்டினான். கைவித்தையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு மாலை அவன் வாழ்நாள் முழுவதையும் தின்றுவிட்டது.

பிரஷ்யாவின் அரசர் முதலாம் ஃபிரெட்ரிக் அவனைப் பிடித்துவரச் சொன்னார். பையன் பயந்து எல்லை தாண்டி, பக்கத்து ஜெர்மன் அரசான சாக்சனியின் விட்டன்பெர்குக்கு ஓடினான். சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ், போலந்துக்கும் அரசர். சுவீடனோடு போர் நடத்திக் கஜானாவைக் காலி செய்துகொண்டிருந்தவர். அவர் பையனைத் திருப்பிக் கொடுப்பாரா? டிரெஸ்டனுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவைத்தார். நல்ல சாப்பாடு, மது, வேலையாட்கள், கேட்ட ரசாயனங்கள் எல்லாம் கிடைத்தன; வெளியே போக மட்டும் அனுமதியில்லை. 1703ல் தப்பி ஆஸ்திரியா வரை போனார். என்ஸ் என்ற ஊரில் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுவீடன் படை 1706ல் சாக்சனிக்குள் நுழைந்தபோது, மற்ற மதிப்புள்ள பொருள்களை ஒளித்துவைத்த மாதிரியே இவரையும் கோனிக்ஸ்டைன் மலைக்கோட்டையில் ஒரு வருடம் ஒளித்துவைத்தார்கள்.

அவரைக் காப்பாற்றியவர் சிர்ன்ஹவுஸ் என்ற கணித அறிஞர். பெரிய குழியாடிகளையும் லென்ஸ்களையும் செய்து, சூரிய ஒளியைக் குவித்து, உலையிலும் உருகாத மண்ணையெல்லாம் உருக்கிப் பார்த்தவர். அவருக்கு ஆர்வம் தங்கத்தில் இல்லை, பீங்கானில். சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த வெள்ளைப் பீங்கானுக்காக அகஸ்டஸ் வெறிபிடித்துச் செலவு செய்துகொண்டிருந்தார். அதைச் செய்யும் முறை ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. சிர்ன்ஹவுஸ் மெல்ல மெல்லப் பொட்கரை அந்தப் பக்கம் திருப்பினார். ஃப்ரைபெர்க் சுரங்கத்திலிருந்து உலை வேலை தெரிந்த ஆட்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

டிரெஸ்டன் கோட்டைச் சுவருக்குள் இருந்த நிலவறை ஒன்றில்தான் வேலை நடந்தது. பீங்கான் வேக 1300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூட்டை மணிக்கணக்கில் தாங்கும் உலையை முதலில் கட்டியாக வேண்டும். முதலில் கிடைத்தது சிவப்பு நிறக் கல்பாண்டம், மெருகேற்றினால் மின்னும் அளவுக்குக் கெட்டியானது. பிறகு வெள்ளைக் களிமண்ணோடு சுட்ட அலபாஸ்டர் என்ற வெள்ளைக் கல்லைப் பல விகிதத்தில் கலந்து சுட்டுப் பார்த்தார்கள். 1708 ஜனவரி 15 தேதியிட்ட குறிப்பில் பொட்கர் வெவ்வேறு கலவைகளை வரிசையாக எழுதி, எது எப்படி வந்தது என்று பதிந்திருக்கிறார். சில கலவைகள் வெண்மையாக, ஒளி ஊடுருவும்படி வந்திருந்தன. அந்தத் தாள் இருக்கிறதே, அதுதான் ஐரோப்பாவின் முதல் கடினப் பீங்கானின் பிறப்புச் சான்று.

அதே ஆண்டு அக்டோபரில் சிர்ன்ஹவுஸ் இறந்துபோனார். 1709 மார்ச்சில் பொட்கர் அரசரிடம் பீங்கான் வந்துவிட்டது என்று அறிவித்தார். கண்டுபிடிப்பு யாருடையது என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. என் பார்வையில், வழியைக் காட்டியது சிர்ன்ஹவுஸ், கலவையைப் பிடித்தது பொட்கர், சூட்டைக் கட்டுப்படுத்தியது பெயர் பெரிதாக வெளியே வராத ஃப்ரைபெர்க் தொழிலாளிகள். ஒருவரை மட்டும் தூக்கிப்பிடிப்பது நியாயமாக இல்லை. 1710ல் மைசன் ஊரின் ஆல்பிரெஷ்ட்ஸ்பர்க் கோட்டையில் ஆலை தொடங்கியது. ஊருக்கு மேலே தனித்து நிற்கும் கோட்டை. ரகசியம் வெளியே போகாது என்பதால் அந்த இடம். தங்கம் செய்பவனைக் கடவுள் குயவனாக்கிவிட்டார் என்ற பொருளில் இரண்டு வரிக் கவிதையைப் பொட்கர் தன் வேலைக்கூடத்துக் கதவில் எழுதிவைத்ததாகச் சொல்வார்கள்.

ஆலையின் நிர்வாகி ஆன பிறகும் அவர் கைதிதான். 1714ல்தான் விடுதலை கிடைத்தது. தங்கம் செய்வதாகக் கொடுத்த வாக்கை அரசர் அப்போதும் ரத்து செய்யவில்லை. புகை, பாதரசம், குடி எல்லாம் சேர்ந்து உடல் கெட்டு, 1719 மார்ச் 13 அன்று முப்பத்தேழு வயதில் இறந்தார். கடனோடுதான் போனார். அதே காலத்தில் மைசன் ஆட்கள் சிலரை வியன்னாவுக்கு இழுத்து, ரகசியத்தையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள். மைசன் ஆலை இன்றும் நடக்கிறது.

அரண்மனை வாசலில் நிற்காத ரசவாதிகளும் இருந்தார்கள். ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட், முதல் மனைவியின் சீதனத்தை உலையில் கரைத்தவர். இரண்டாம் மனைவியின் சொத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1669ஐ ஒட்டி, சிறுநீரைப் பெருமளவில் சேர்த்து, பல நாள் வைத்திருந்து, பாகாகக் காய்ச்சி, எஞ்சியதைக் கடும் சூட்டில் வாட்டினார். தங்கநிறத்தில் இருப்பதால் தங்கத்துக்கு வழிகாட்டும் என்ற எண்ணமும் இதன் பின்னால் இருந்திருக்கலாம். இருட்டில் ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள் வடிந்தது. அதுதான் பாஸ்பரஸ். பழங்காலத்திலிருந்து தெரிந்த உலோகங்களைப் போல் இல்லாமல், கண்டுபிடித்தவர் இன்னார் என்று சொல்ல முடிந்த முதல் தனிமம் அதுவே. சிறுநீரின் பாஸ்பேட் உப்பில் பெரும்பகுதியை அவர் வேண்டாம் என்று கொட்டிவிட்டுத்தான் மிச்சத்திலிருந்து இதை எடுத்தார் என்பது கூடுதல் செய்தி.

பிராண்டுக்கு அதனால் கிடைத்தது கொஞ்சம்தான். டேனியல் கிராஃப்ட் என்பவர் பொருளை வாங்கி அரண்மனை அரண்மனையாகக் கொண்டுபோய்க் காட்டிச் சம்பாதித்தார். 1677ல் லண்டனில் பாயிலுக்கும் காட்டினார். தத்துவஞானி லைப்னிட்ஸ், பிராண்டை ஹானோவர் கோமகனிடம் ஒப்பந்தத்தில் அமர்த்தினார். சம்பளம் போதவில்லை என்று பிராண்ட் புலம்பிக் கடிதம் எழுதினார். ஆனாலும் லைப்னிட்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தார். பாஸ்பரஸ் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று 1710ல் ஒரு கட்டுரை எழுதி, முதலில் செய்தவர் பிராண்டுதான் என்று பதிவு செய்தார். அது இல்லாவிட்டால் அந்தப் பெருமையை வேறு யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொருவர் ஜார்ஜ் ஸ்டார்க்கி. பெர்முடா தீவில் 1628ல் பிறந்து, ஹார்வர்டில் படித்து, நல்ல உலைக்கும் கண்ணாடிக்கும் வசதி தேடி 1650ல் லண்டன் வந்தார். மருந்து செய்து விற்றார், வாசனை எண்ணெய் செய்தார், இளம் பாயிலுக்கு ரசாயன வேலை சொல்லிக்கொடுத்தார். கடனுக்காகச் சிறைக்கும் போனார். அவருடைய சோதனைக் குறிப்பேடுகளில் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. எடை, தேதி, எங்கே தவறியது, அடுத்து என்ன மாற்றிப் பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறார். கூடவே, இந்த முறையைக் கடவுள் எனக்குக் காட்டினார் என்றும் எழுதுகிறார். இரண்டும் அவருக்கு ஒரே வேலைதான். 1665ல் லண்டனில் பெரும் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளை விட்டுப் போகாமல் இருந்து, அதே நோயில் இறந்தார்.

‘ஃபிலலீதிஸ்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய ரசவாத நூல்களை ஐரோப்பாவே படித்தது. அவற்றை வரிவரியாகக் குறிப்பெடுத்துப் படித்தவர்களில் ஐசக் நியூட்டனும் ஒருவர். நியூட்டன் ரசவாதம் பற்றி எழுதி வைத்த தாள்கள் சுமார் 10 லட்சம் வார்த்தைகள் வரும். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரித் தோட்டத்தை ஒட்டி அவருடைய உலை இருந்தது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வாரக்கணக்கில் இரவும் பகலும் அந்த நெருப்பு அணையவே இல்லை என்று அவருடைய உதவியாளர் சொல்லியிருக்கிறார். கல்லூரிச் சம்பளம் இருந்ததால் யாரிடமும் தங்கம் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டிய தேவை நியூட்டனுக்கு வரவில்லை. ஹோனவருக்கும் அவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அறிவு மட்டுமல்ல, இதுவும்தான். அவர் இறந்ததும் அந்தத் தாள்கள் அச்சிடத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. 1936ல் லண்டனில் ஏலம் விடப்பட்டபோதுதான் உலகம் கவனித்தது. பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் சுமார் பாதியைச் சேகரித்தார்.

அன்றாட வேலை எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி ஆஸ்திரியாவின் ஓபர்ஷ்டொக்ஷ்டால் என்ற இடத்தில் 1980ல் கிடைத்தது. ஒரு பழைய மாளிகையின் தேவாலயத்தை ஒட்டிய தரைக்கடியில், 16ஆம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடச் சாமான்கள் எண்ணூறுக்கு மேல் புதைந்திருந்தன. மூசைகள் (உலோகம் உருக்கும் மண்கிண்ணங்கள்), எலும்புச் சாம்பல் கிண்ணங்கள், காய்ச்சி வடிக்கும் வாலைக் கலங்கள், கண்ணாடித் துண்டுகள். அவற்றில் ஒட்டியிருந்த எச்சத்தைச் சோதித்தால் பெரும்பாலும் தாதுவில் வெள்ளி, தங்கம் எவ்வளவு என்று பார்த்த வேலைதான் தெரிகிறது. நாளெல்லாம் இடித்து, சலித்து, எடைபோட்டு, துருத்தி ஊதி, நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பாதரசம், ஈயம், ஆர்சனிக் ஆவியை மூச்சில் இழுப்பது. ஆம்ஸ்டர்டாமில் பெரிய ஆய்வுக்கூடம் நடத்திய கிளாபர், பேதிக்குக் கொடுக்கும் கிளாபர் உப்புக்குப் பெயர் தந்தவர், கடைசி ஆண்டுகளில் படுக்கையில் விழுந்து, கருவிகளை விற்றுத்தான் குடும்பத்தைப் பார்த்தார். உலைகளின் புகைதான் அவர் உடலைக் கெடுத்தது என்று நம்பப்படுகிறது.

கடைசியாக ஃபிளமெல். அவர் நிஜமான மனிதர்தான், ஆனால் ரசவாதி என்பதற்கு அவர் காலத்து ஆதாரம் ஒன்றுகூட இல்லை. பாரிஸில் எழுத்தராகவும் கையெழுத்து நூல் வியாபாரியாகவும் இருந்து 1418ல் இறந்தார். மனைவி பெரனெல் ஏற்கெனவே கணவனை இழந்து சொத்தோடு வந்தவர். அந்தப் பணமும் வீட்டு வாடகைகளும் அவருடைய செல்வத்துக்குப் போதுமான விளக்கம். அவர் தங்கம் செய்ததாகச் சொல்லும் புத்தகம் 1612ல், அவர் இறந்து கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் கழித்து, அவர் பெயரில் அச்சானது. 1407ல் அவர் கட்டிய வீடு மோன்மொரன்சி தெருவில் 51ஆம் எண்ணில் இன்னும் நிற்கிறது. கீழே கடைகளை வாடகைக்கு விட்டு, மேலே ஏழைகளைத் தங்க வைத்தார். தங்குபவர்கள் தினமும் இறந்தவர்களுக்காக ஜெபம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை வீட்டு முகப்பில் செதுக்கியிருக்கிறார்கள். பாரிஸ் போனால் நீங்களே படித்துப் பார்க்கலாம்.